கேப்ல இடமே இல்ல, டிஃபென்ஸை எப்படித்தான் சரி பண்றது? ஒரு ஆயிலர்ஸ் ரசிகனோட கேள்வி

ஆரஞ்சு_நீலம் எழுதியது:

வணக்கம் மக்களே, ரொம்ப நாளா மனசுல கெடக்கற கேள்வி, கொஞ்சம் நீளமா இருக்கும் பொறுத்துக்கங்க. நம்ம எட்மன்டன் ஆயிலர்ஸ், என்ஹெச்எல் ஐஸ் ஹாக்கி 2024 ஃபைனல்ல ஃப்ளோரிடா கூட ஏழாவது மேட்ச் வரைக்கும் போய் 2-1ன்னு ஒரே கோல்ல போச்சு, 2025ல மறுபடி அதே ஃப்ளோரிடா, ஆறு மேட்ச்லயே முடிச்சு விட்டுட்டாங்க. ரெண்டு தடவையும் எனக்கு ஒரே வலிதான், நம்ம கோல் அடிக்கற ஆளுங்களுக்குக் குறையே இல்ல, நம்ம ஏரியாவுக்குள்ள பக் (அந்த ரப்பர் வட்டு) வந்துட்டா மட்டும் வயித்துல புளியக் கரைக்குது.

இத எங்க பேசினாலும் "கேப் இல்ல"ன்னு ஒரே பதில், அதாவது ஒரு டீம் ப்ளேயர் சம்பளத்துக்கு ஒரு சீசன்ல செலவு பண்ணலாம்கற உச்சவரம்புல இடம் இல்லையாம். சரின்னு நானே உக்காந்து கணக்குப் போட்டேன். மெக்டேவிட் 12.5, ட்ரைசைட்டில் 14, பூஷார்ட் 10.5, நர்ஸ் 9.25, எல்லாம் வருஷத்துக்கு மில்லியன் டாலர். நாலு பேருக்கே 46.25. 2025-26 சீசனுக்கு கேப் 95.5, அதுல கிட்டத்தட்ட பாதி இங்கயே காலி. மிச்சம் 49.25ல இன்னும் 19 பேர வச்சுக்கணும், தலைக்கு 2.6 கூட வரல. ஆனா அதே 95.5தான எல்லா டீமுக்கும்? ஃப்ளோரிடாவுல மட்டும் என்ன குறைச்சலா ஸ்டாருங்க இருக்காங்க, அவங்களால 2025 மார்ச்ல சீசன் நடுவுல சேத் ஜோன்ஸ் மாதிரி ஒரு டிஃபென்ஸ்மேன எப்படி உள்ள கொண்டுவர முடிஞ்சுது? நாம ஏன் நம்ம இளம் டிஃபென்ஸ்மேன் ப்ரோபெர்க்க சும்மா விட்டோம்? டிஃபென்ஸ்மேன் நர்ஸோட கான்ட்ராக்ட்ட பைஅவுட் பண்ணிட்டா (கொஞ்சம் காசு குடுத்து பாதில முடிச்சுட்டா) எல்லாம் சரியாயிடுமா? தெரிஞ்சவங்க பொறுமையா சொல்லுங்க, எனக்கு நிஜமாவே புரிஞ்சுக்கணும்.

---

நீலக்கோடு எழுதியது:

நல்ல கேள்வி ப்ரோ, கணக்கும் சரியாத்தான் போட்டிருக்கீங்க. ஆனா ஒரு இடத்துல எல்லாரும் தப்பு பண்றாங்க, கேப்ப ஒரு பெட்டில இருக்கற காசு மாதிரி நினைக்கறாங்க. சீசன் நடக்கும்போது அது நாள் கணக்கு. ஒரு ப்ளேயரோட கேப் ஹிட்ட (கேப் கணக்குல அவருக்கு எழுதற வருஷத் தொகை) சீசன்ல இருக்கற நாளால வகுத்து, அவர் எத்தன நாள் உங்க ரோஸ்டர்ல (ஆளுங்க பட்டியல்ல) இருக்காரோ அத்தன நாளுக்கு மட்டும்தான் எழுதுவாங்க.

இதனால என்ன ஆகுதுன்னு பாருங்க. 2024-25 சீசன் 192 நாள். முதல் நாள்லேர்ந்து ஒரு டீம் கேப்புக்குக் கீழ வெறும் 1 மில்லியன் இடம் விட்டு வச்சிருந்தா, அந்த இடம் தினமும் சேர்ந்துக்கிட்டே வரும். மார்ச் 7 ட்ரேட் டெட்லைன் (டீமுங்க ஆள மாத்திக்க கடைசி நாள்) வரும்போது பாக்கி இருந்தது ஏறக்குறைய 42 நாள். வர்ற ஆளுக்கு அந்த 42 நாளுக்கு மட்டும் எழுதினா போதும், அதனால அந்த 1 மில்லியன வச்சு வருஷத்துக்கு 4.5 மில்லியன் வாங்கற ஆளையே உள்ள எடுக்கலாம். டிஃபென்ஸ்மேனுங்க ரெண்டு ரெண்டு பேரா மூணு ஜோடியா ஆடுவாங்க, முதல் ஜோடிதான் பெருசு. அக்டோபர்ல மூணாவது ஜோடி ஆளுக்கு மட்டுமே காணற காசு, மார்ச்ல ரெண்டாவது ஜோடி டிஃபென்ஸ்மேன் ஆயிடும். 23 பேர் வச்சுக்கலாம்னு இருந்தாலும் சில டீம் 21, 22 பேரோட சீசன ஓட்டறது இதுக்குத்தான், உக்காந்து வேடிக்க பாக்கற ஒரு ஆளோட சம்பளம் தினமும் மிச்சம்.

ஆனா எல்டிஐஆர் பயன்படுத்தற டீமுக்கு இப்படி சேராது. நீண்ட நாள் காயத்துல இருக்கற ஆளுக்குப் பதிலா கேப்ப தாண்டி செலவு பண்ண விடற விதி அது. 2024-25ல நம்ம டீம் அந்த வழிலதான் இருந்துது, இவாண்டர் கேன் ரெகுலர் சீசன் முழுக்க ஆடல, அவரோட கேப் ஹிட் 5.125. அந்த இடம் இருந்ததாலதான் டெட்லைனுக்கு முந்தின நாள் 3.4 கேப் ஹிட்டோட டிஃபென்ஸ்மேன் வால்மன சான் ஹோசே கிட்டேர்ந்து வாங்க முடிஞ்சுது. அப்புறம் கேன் ப்ளேஆஃப்ல வந்து ஆடினாரு, அப்ப ப்ளேஆஃப்க்கு கேப்பே கிடையாது. 2021ல டாம்பா குச்செராவ வச்சு பண்ணினதும் இதே வேலைதான், சீசன் முழுக்க வெளிய இருந்துட்டு ப்ளேஆஃப்ல வந்தாரு, கப்ப டாம்பாவே ஜெயிச்சுது. ஃப்ளோரிடா சேத் ஜோன்ஸ எடுத்த சமயத்துலயும் மேத்யூ டகாச்சக் காயத்துல எல்டிஐஆர்ல இருந்தாரு, அவரோட 9.5 இடம் திறந்துச்சு, ப்ளேஆஃப் முதல் மேட்சுக்கு திரும்பி வந்துட்டாரு.

இந்தக் கதவ 2025-26லேர்ந்து சாத்திட்டாங்க. ப்ளேஆஃப்ல அன்னைக்கு ஜெர்சி போடற 20 பேரோட கேப் ஹிட்டும் கேப்புக்குள்ள இருக்கணும். இனிமே காயத்த நம்பி டிஃபென்ஸ் கட்ட முடியாது, தினமும் கொஞ்சம் கொஞ்சமா சேத்து வைக்கற டீமுக்குத்தான் மார்ச்ல கை ஓங்கும். என்னைக் கேட்டா அதுதான் நியாயமும்.

---

பனிக்காலம் எழுதியது:

தம்பி, நான் டெட்ராய்ட் ஆள். உங்கட வால்மன்ர பேர வாசிச்ச உடன எழுதாமல் இருக்க ஏலாமப் போட்டுது.

2024 ஜூன்ல எங்கட டீம் அவர சான் ஹோசேக்கு அனுப்பினது. திருப்பி என்ன வாங்கினது எண்டு கேளுங்கோ, ஒண்டுமில்ல. ஒண்டும் வாங்காதது மட்டுமில்ல, அவரோட சேத்து ஒரு ரெண்டாம் ரவுண்ட் பிக்கையும் (டிராஃப்ட்ல புது பெடியங்கள ரெண்டாவது சுற்றில தெரிஞ்செடுக்கிற உரிமை) குடுத்து விட்டவங்கள். ஏனெண்டால் அவற்ற 3.4 மில்லியன் இடம் எங்களுக்கு வேணுமாம். முந்தின சீசன்ல 12 கோல் அடிச்ச டிஃபென்ஸ்மேன் அவர். ஒன்பது மாசம் ஆகேல்ல, சான் ஹோசே அதே ஆள உங்களுக்குத் தந்து ஒரு முதல் ரவுண்ட் பிக் வாங்கிட்டுது. ஆளும் ஒண்டு, கான்ட்ராக்டும் ஒண்டு. ஒரு பக்கம் ரெண்டாம் ரவுண்ட், மற்றப் பக்கம் முதலாம் ரவுண்ட், ரெண்டும் சான் ஹோசேன்ர கையில. அவங்களிட்ட இருந்த ஒரே சரக்கு வெறும் கேப் இடம்தான்.

நான் இதில படிச்சது என்னெண்டால், அவசரப்பட்டு இடம் காலி பண்ணுற டீம்தான் எப்பவும் விலை குடுக்கும். ஜூன் கடைசியில, ஜூலை 1க்கு (கான்ட்ராக்ட் முடிஞ்ச ஆக்கள எந்த டீமும் எடுக்கத் தொடங்கிற நாள்) முதல், எல்லாருக்கும் அந்த அவசரம் வரும். அந்த நேரம் இடம் வச்சிருக்கிறவன் பேசாமல் இருந்து பொறுக்கி எடுப்பான்.

இன்னொண்டும் சொல்லோணும், ஆள விக்கிற டீமே அவற்ற சம்பளத்தில ஒரு பங்க தன்ர கேப் கணக்கில பிடிச்சு வைக்கிற முறை. 2024 பிப்ரவரியில டாலஸ் டிஃபென்ஸ்மேன் கிறிஸ் டானெவ எடுத்தத பாருங்கோ. அவற்ற கேப் ஹிட் 4.5. கால்கரி பாதிய தானே வச்சுக்கொண்டுது, 2.25 ஆச்சு. நடுவில நியூ ஜெர்சி வந்து அதிலயும் பாதிய ஏத்துக்கொண்டு, அதுக்கு கூலியா ஒரு நாலாம் ரவுண்ட் பிக் வாங்கினது. டாலஸ்ன்ர கணக்கில விழுந்தது 1.125 மட்டும்தான். முதல் ஜோடியில நிக்கக்கூடிய, பக்குக்குக் குறுக்க விழுந்து தடுக்கிற ஒராள், மூண்டாவது ஜோடி விலையில! ஆனால் ஒரு டீம் ஒரே நேரத்தில மூண்டு கான்ட்ராக்ட்தான் இப்பிடி பிடிச்சு வைக்கலாம், பாதிக்கு மேல ஏலாது. லீக்கும் வீரர் சங்கமும் போட்ட புது ஒப்பந்தத்தில ஒரே கான்ட்ராக்ட்ட ரெண்டு முறை பிடிக்கிறதுக்கு நடுவில 75 நாள் இடைவெளி வேணும் எண்டும் வச்சிட்டாங்கள், அதால டானெவ் மாதிரி ஒரே நாளில முடிக்கிற விளையாட்டு இனி இல்ல.

---

ஆரஞ்சு_நீலம் எழுதியது:

அண்ணா, வால்மன் கதைல உங்க பக்கத்து வலி இப்பதான் எனக்குத் தெரியுது, நாங்க இங்க நல்ல ட்ரேடுன்னு கொண்டாடிக்கிட்டு இருந்தோம். நீலக்கோடு, நாள் கணக்கு நிஜமாவே கண்ணத் திறந்துச்சு, நன்றி. ப்ரோபெர்க் விஷயமும் பைஅவுட்டும் யாராச்சும் சொல்லுங்க.

---

மூணாவது_ஜோடி எழுதியது:

ப்ரோபெர்க் விஷயம் சொல்றேன், அது கேப் நிர்வாகத்துல ஒரு பாடம். 2024 ஜூலை 1 அன்னைக்கு நம்ம டீம் ஃபார்வர்டுகளா வாங்கித் தள்ளுச்சு, ஆர்விட்சன், ஸ்கின்னர், பழைய ஆளுங்களையும் திரும்ப எடுத்தாங்க. ப்ரோபெர்க், இளம் ஃபார்வர்ட் ஹாலோவே ரெண்டு பேருக்கும் கான்ட்ராக்ட் முடிஞ்சு கெடந்துது, பசங்க எங்க போயிடப் போறாங்கன்னு விட்டுட்டாங்க. கோடைல கேப்ப 10 சதவீதம் தாண்டலாம்கற தைரியமும் இருந்திருக்கும். ஆகஸ்ட்ல செயின்ட் லூயிஸ் வந்து ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல ஆஃபர் ஷீட் நீட்டுச்சு, அதாவது வேற டீம் குடுக்கற கான்ட்ராக்ட், பழைய டீம் அதே காச குடுத்தா ஆள வச்சுக்கலாம், இல்லன்னா பிக் வாங்கிட்டு விடணும். ப்ரோபெர்க்குக்கு வருஷத்துக்கு 45,80,917 டாலர், ஹாலோவேக்கு 22,90,457. இந்த வினோதமான எண்ண கவனிங்க, ஒரு டாலர் கூடினாலும் செயின்ட் லூயிஸ் இன்னும் பெரிய பிக் தரணும், அந்த விளிம்புல துல்லியமா நிறுத்தியிருக்காங்க. ஆஃபர் ஷீட்டுக்கு சொந்த பிக்கத்தான் தரணும்கறதால முன்னாடியே பிட்ஸ்பர்க் கிட்டேர்ந்து தங்களோட ரெண்டாம் ரவுண்ட் பிக்க திரும்ப வாங்கி வச்சிருந்தாங்க. ஏழு நாள் டைம், நம்ம கிட்ட இடம் இல்ல, விட்டோம். ஒரு ரெண்டாம் ரவுண்ட், ஒரு மூணாம் ரவுண்ட் வந்துச்சு. ஹாலோவே அடுத்த சீசனே 63 பாயிண்ட் (கோலும் அசிஸ்டும் சேத்து) எடுத்தாரு.

என் பார்வைல தப்பு ஆகஸ்ட்ல நடக்கல, ஜூலைல நடந்துச்சு. 23 வயசு டிஃபென்ஸ்மேன் 2024 ப்ளேஆஃப் கடைசில வந்து நல்லா ஆடின பிறகு, அவர மொதல்ல கையெழுத்து வாங்கிட்டு மிச்சம் இருக்கறத ஃபார்வர்டுகளுக்கு செலவு பண்ணியிருக்கணும். வரிசை மாறிப் போச்சு.

இன்னொண்ணு, இங்க யாரும் சொல்லாதது. கேப் ஹிட்ட பாக்கறதுக்கு முன்னாடி உங்களுக்கு எந்த வேலைக்கு ஆள் வேணும்னு பாருங்க. 2023 பிப்ரவரில நாஷ்வில் கிட்டேர்ந்து டிஃபென்ஸ்மேன் எக்ஹோம வாங்கினப்ப நம்ம டிஃபென்ஸ்மேன் டைசன் பேரிய குடுத்தோம், பேரி 4.5, எக்ஹோம் நாஷ்வில் கொஞ்சம் பிடிச்சுக்கிட்டது போக 6. கேப்ல கூடினது 1.5 மட்டும். பேரி பவர் ப்ளேல (எதிராளி ஒரு ஆள் கம்மியா ஆடற நேரத்துல) பாயிண்ட் எடுக்கற ஆள், அந்த வேலைய பண்ண பூஷார்ட் தயாரா இருந்தாரு. ஒரே வேலைக்கு ரெண்டு பேருக்கு சம்பளம் குடுத்துக்கிட்டு இருந்தோம், வேற ஒரு வேலைக்கு ஆளே இல்ல. அத மாத்தினதும் டீமே மாறிடுச்சு.

அந்த வேலை என்னன்னு கேட்டா, எதிராளி டீம் பக்கை நம்ம ஏரியாவோட மூலைக்கு அடிச்சு விட்டுட்டு துரத்திக்கிட்டு வர்றப்ப, பின்னாடி திரும்பி அத எடுக்கப் போறது. எக்ஹோமப் பாருங்க, பக்குக்கு போற வழிலயே ரெண்டு தடவ தலையத் திருப்பி தோளுக்கு மேல பாத்துடுவாரு, யாரு வர்றா எந்தப் பக்கம் வர்றான்னு. அதனால பக் ஸ்டிக்ல பட்ட உடனே அடுத்த பாஸ் கெளம்பிடும், மோதல் வர்றப்ப பக் அங்க இருக்காது. பாக்காம போறவரு சுவத்துல மோதி பக்கை கண்ணாடியோரமா தூக்கி விடுவாரு, அது ப்ளூ லைன்ல (நம்ம ஏரியாவோட எல்லைக்கோடு) எதிராளி கிட்டயே போய் விழும், மறுபடி 40 செகண்ட் நம்ம ஏரியாவுலயே மாட்டிக்குவோம். இந்தத் தலையத் திருப்பறதுக்கு எந்த அட்டவணையிலயும் கட்டம் கிடையாது. அதனாலதான் அது சில சமயம் மலிவா கெடைக்குது. 2021 ஜனவரில கரோலினா வேவர்ஸ்ல (எந்த டீமும் எடுத்துக்கலாம்னு விடற பட்டியல்) போட்ட டிஃபென்ஸ்மேன் ஃபோர்ஸ்லிங்க ஃப்ளோரிடா ஒரு பைசா செலவில்லாம எடுத்துச்சு. அவருதான் ரெண்டு கப்லயும் அவங்களோட முதல் ஜோடி. சேத் ஜோன்ஸ் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே அந்த டிஃபென்ஸ் நின்னுடுச்சு. நேட் ஷ்மிட்ட 8 லட்சம் டாலருக்கு ஒரு வருஷம் எடுத்தாங்க, வின்னிபெக் பைஅவுட் பண்ணி விட்டவரு, 2025ல அவரு கைலயும் கப்.

---

நீலக்கோடு எழுதியது:

மூணாவது_ஜோடி சொன்னதுல முக்கால்வாசி ஒத்துக்கறேன், ஆனா வேவர்ஸ் ஆளு முதல் ஜோடி ஆவாருன்னு திட்டம் போட முடியாது, ஃபோர்ஸ்லிங் மாதிரி எல்லா வருஷமும் நடக்காது. மார்ச்ல காசோட போய் நிக்கறதுக்கு மாத்து கெடையாது.

பைஅவுட் பத்தி கேட்டீங்களே. தயவுசெஞ்சு ஆசப்படாதீங்க. பாக்கி இருக்கற சம்பளத்துல மூணுல ரெண்டு பங்க, பாக்கி வருஷத்த போல ரெண்டு மடங்கு வருஷத்துக்குப் பரப்பிக் குடுக்கணும். நர்ஸோட கான்ட்ராக்ட் 2030 வரைக்கும் ஓடுது, ரெண்டு மடங்குன்னா எங்க போய் நிக்கும்னு பாத்துக்கங்க. கையெழுத்து போனஸா எழுதின காசுல ஒரு சென்ட்கூட குறையாது. மினசோட்டா 2021ல பரீஸே, சூட்டர் ரெண்டு பேரையும் பைஅவுட் பண்ணுச்சு. முதல் வருஷம் நல்லா மூச்சு விட்டாங்க. 2023-24லயும் 2024-25லயும் வருஷத்துக்கு 14.7 மில்லியன், ஆடாத ரெண்டு பேருக்காக கேப்ல உக்காந்துக்கிட்டு இருந்துச்சு. ஒரு முதல் ஜோடி, ஒரு ரெண்டாவது ஜோடி டிஃபென்ஸ்மேனுக்கான காசு அது. 2028-29 வரைக்கும் கொஞ்சம் ஒட்டிக்கிட்டே இருக்கும்.

அதவிட காலத்த நம்பறது நல்லது. கேப் 2026-27ல 104, 2027-28ல 113.5ன்னு அறிவிச்சிருக்காங்க. நர்ஸோட 9.25 அப்படியே நிக்கும், கேப் மேல போகும். 83.5 கேப்ல 11 சதவீதமா இருந்தது 113.5ல 8 சதவீதம் சொச்சம்தான். வலி தானா குறையற எடத்துல கத்தி வைக்க வேண்டாம்.

---

ஆரஞ்சு_நீலம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றிங்க, பைஅவுட்ட மறந்துட்டேன். அந்த 2025 ஃபைனலோட ஆறாவது மேட்ச நான் முழுசா திரும்பப் பாத்ததே இல்ல, 5-1, ரைன்ஹார்ட் ஒருத்தரே நாலு கோல், மனசு வரல. இன்னைக்கு ராத்திரி போட்டுப் பாக்கப் போறேன். ஸ்கோரு வேண்டாம், பக்கை எடுக்கப் பின்னாடி போற நம்ம ஆளுங்க எத்தன தடவ தலையத் திருப்பறாங்கன்னு மட்டும் எண்ணி நாளைக்கு இங்கயே எழுதறேன்.