கைதி மாநில அரசு மேல் இழப்பீட்டு வழக்குப் போடுவது: யாராவது விளக்குங்களேன்

அமெரிக்க அரசமைப்புச் சட்டம் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள். கல்லூரிக் கருத்தரங்குக்குத் தயார் செய்கிறேன், ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

எனக்குப் புரிந்தவரை, அங்கே அரசமைப்பின் 11-வது திருத்தம் வழக்குகளிலிருந்து மாநிலங்களைக் காக்கும் கவசம். குடிமை உரிமை மீறலுக்காக வழக்குப் போட வழிசெய்யும், அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 1983-வது பிரிவில் மாநிலத்திடம் இழப்பீடு கேட்க முடியாது, அந்தப் பிரிவு சொல்லும் 'நபர்' மாநிலம் அல்ல என்று 1989-இல் வில் எதிர் மிச்சிகன் வழக்கில் முடித்துவிட்டார்கள். அதிகாரி மேல் தனிப்பட்ட முறையில் வழக்குப் போடலாம், இனிமேல் செய்யாதே என்று தடையுத்தரவும் கேட்கலாம். கவுண்டி (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற உள்ளாட்சி அமைப்பு) சிறை என்றால் கதையே வேறு, கவுண்டிக்கு இந்தக் கவசம் கிடையாது. சரி, இதுவரை பிரச்சினை இல்லை.

குழப்பமே 2006 ஜார்ஜியா வழக்கில்தான். டோனி குட்மன் என்ற கைதி, இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். 12 அடிக்கு 3 அடி அறையில் நாளுக்கு 23 மணி நேரத்துக்குக் குறையாமல் அடைத்தார்கள், சக்கர நாற்காலியைத் திருப்பக்கூட இடமில்லை என்பது அவர் புகார். (நாயைக்கூட அப்படி அடைக்க மாட்டோம்.) நடத்தை அரசமைப்பையே மீறினால் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்கீழ் மாநிலத்திடமே இழப்பீடு கேட்கலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். சட்டத்தை மட்டும் மீறி அரசமைப்பை மீறாவிட்டால்? அதைக் கீழ் நீதிமன்றங்களிடமே விட்டுவிட்டார்கள்.

அதற்கப்புறம் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் எந்தப் பக்கம் போயின? வழக்கின் பெயர் சொன்னாலே போதும், தேடிப் படித்துக்கொள்கிறேன். அப்புறம், காவல் மரணத்துக்கு இறையாண்மை விலக்கு (அரசு மேல் வழக்குப் போட முடியாது என்ற பாதுகாப்பு) செல்லாது என்று நம் உச்ச நீதிமன்றம் 1993-இல் நீலபதி பெஹரா வழக்கில் சொன்னதே, அதோடு இதை ஒப்பிட்டால் பொருந்துமா?