புதுப்பிப்பு: காணொளி அழைப்பை முடக்கியது பதிவேற்ற வரிசைதான்

வீட்டில் யாருடைய கைபேசியாவது படங்களைக் கிளவுடுக்கு ஏற்றத் தொடங்கினாலே என் காணொளி அழைப்பு உறைந்துவிடுகிறது என்றும், ஒவ்வொரு கருவிக்கும் பதிவிறக்க வரம்பு வைத்தும் பயனில்லை என்றும் முன்பு எழுதியிருந்தேன். சிக்கல் இப்போது தீர்ந்துவிட்டது.

பதிவிறக்கத்தையே சந்தேகித்துக்கொண்டிருந்தது என் தவறு. இணைப்பின் வேகம் இறக்கத்தில் 100 எம்பிபிஎஸ், ஏற்றத்தில் 20. தாமதத்தை அளக்கும் பிங் கட்டளையை ஓடவிட்டு ஒரே ஒரு பெரிய கோப்பை ஏற்றிப் பார்த்தபோது, 18 மில்லிநொடியாக இருந்த தாமதம் 600-ஐத் தாண்டியது. ஏற்றத்தை நிறுத்தியதும் பழைய நிலைக்கு இறங்கியது. மோடத்தின் பஃபரில் (தற்காலிக நினைவகத்தில்) கோப்பின் பாக்கெட்டுகள், அதாவது தரவுத் துண்டுகள், வரிசைகட்டி நிற்க, அழைப்பின் சின்னஞ்சிறு பாக்கெட்டுகளும் அவற்றின் பின்னால் காத்துக் கிடந்திருக்கின்றன.

ரௌட்டரில் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறமூல இயங்குதளத்தை நிறுவி, அதில் பாக்கெட் வரிசையை நிர்வகிக்கும் எஸ்கியூஎம் அமைப்பில் 'கேக்' என்ற வரிசை முறையைத் தேர்ந்தெடுத்து, ஏற்றத்துக்கு 18, இறக்கத்துக்கு 90 எம்பிபிஎஸ் என வரம்பிட்டேன். உண்மையான வேகத்தைவிடச் சற்றே குறைத்து வைப்பதால்தான் வரிசை மோடத்தில் சேராமல், அதை நியாயமாகப் பங்கிடத் தெரிந்த ரௌட்டரிலேயே நிற்கிறது. அதே கோப்பை மீண்டும் ஏற்றினேன், தாமதம் 25 மில்லிநொடியைத் தாண்டவில்லை. கருவிவாரியான பழைய வரம்புகளை எல்லாம் நீக்கிவிட்டேன்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ரௌட்டரில் ஹார்டுவேர் ஃப்ளோ ஆஃப்லோடிங் (பாக்கெட்டுகளை மென்பொருளுக்குப் பதில் வன்பொருளே நேரடியாகக் கடத்தும் வசதி) இயங்கினால் பாக்கெட்டுகள் எஸ்கியூஎம்மைத் தொடாமலே கடந்துவிடும். முதல் நாள் எந்த மாற்றமும் தெரியாமல் நான் விழித்தது அதனால்தான்.