பணிக்களத் தரிப்பிடம்: ‘நிறுத்தம்’ ஏன் பொருந்தவில்லை

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

ஸ்காட்லாந்தின் ரயில் பாதைகளைப் பற்றித் தமிழில் எழுதிவரும் நண்பர், அணை கட்டும் தொழிலாளர்கள் ஏறி இறங்குவதற்கென்றே ஆளரவமற்ற இடத்தில் திறக்கப்பட்டுச் சில ஆண்டுகளில் மூடப்பட்ட, ஃபெர்சிட் போன்ற ஹால்ட்டுக்கு (halt, ரயில் சற்றே நின்றுபோகும் சிறு இடம்) என்ன சொல் வைக்கலாம் என்று கேட்டிருந்தார். இதுவரை வந்த மறுமொழிகளில் ‘தொழிலாளர் நிறுத்தம்’, ‘கட்டுமான நிறுத்தம்’, ‘தற்காலிக நிறுத்தம்’ ஆகிய மூன்றுக்கும் ஆதரவு இருக்கிறது. மூன்றையும் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு.

நேற்று இரவு, நண்பரின் கட்டுரைக்கு முதல் வரியாக அமையக்கூடிய ஒரு வாக்கியத்தை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன்: “ஃபெர்சிட் தொழிலாளர் நிறுத்தம் 1931-இல் தொடங்கி 1934-இல் முடிந்தது.” அவர் உடனே, “மூணு வருஷமா ஒருத்தரும் வேலைக்குப் போகலையா?” என்று கேட்டார். தவறு அவர் காதில் இல்லை. ‘நிறுத்து’ என்பது பிறவினை; ஒருவர் ஒன்றை நிறுத்துகிறார். ஆகவே ‘நிறுத்தம்’ என்பதற்கு முன்னால் எந்தப் பெயர் வந்தாலும், நிறுத்தப்படுவது அதுவே என்று தமிழ்க் காது எடுத்துக்கொள்கிறது. பேருந்து நிறுத்தத்தில் நிற்பது பேருந்து; போர்நிறுத்தத்தில் நிற்பது போர்; வேலைநிறுத்தத்தில் நிற்பது வேலை. அதே வழக்கில் ‘கட்டுமான நிறுத்தம்’ என்றால் கட்டுமானம் பாதியில் நின்றுபோனது என்றும், ‘தற்காலிக நிறுத்தம்’ என்றால் ஏதோ ஒரு சேவை சில நாள் ரத்து என்றும்தான் படும். அணையைக் கட்டி முடிக்கத் துணையாக இருந்த ஓர் இடத்துக்கு அணை வேலை நின்றது என்று பொருள்படும் பெயரை நாமே வைத்துவிடக் கூடாது.

சொல்லைத் தேடுமுன் பொருளை நெருங்கிப் பார்ப்போம். 1894-இல் திறக்கப்பட்ட வெஸ்ட் ஹைலண்ட் பாதை, ரானக் சதுப்புவெளியைக் கடந்து, கோரவர் நிலையத்துக்கும் டல்லாக் நிலையத்துக்கும் இடையே டிரீக் ஏரியின் கரையோரமாகச் செல்கிறது. ஏரியின் வடமுனைக்கு அருகில் உள்ள மிகச் சிறிய குடியிருப்பு ஃபெர்சிட். ஃபோர்ட் வில்லியமில் அமைந்த அலுமினிய ஆலைக்கு மின்சாரம் தருவதற்காக லாகாபர் நீர்மின் திட்டத்தை 1920-களில் தொடங்கினார்கள். பென் நெவிஸ் மலைத்தொகுதியின் அடியில் ஏறத்தாழ 15 மைல் நீளத்துக்குச் சுரங்கம் குடைந்து டிரீக் ஏரி நீரை ஆலைப்பக்கம் கொண்டுசென்றது முதல் கட்டம். ஏரியின் வாயில் ஓர் அணையும், கிழக்கே லகன் அணையும், லகன் நீரை டிரீக் ஏரிக்குக் கொண்டுவரும் இன்னொரு சுரங்கமும் அடுத்த கட்டம். ஃபெர்சிட் ஹால்ட் இந்த இரண்டாம் கட்டத்தின் பிள்ளை. 1931-இல் திறந்தார்கள், லகன் அணை முடிந்த 1934-இன் இறுதியில் மூடிவிட்டார்கள்.

அந்தச் சில ஆண்டுகளுக்குள் பாதையே இடம் மாறியது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அணையால் ஏரியின் நீர்மட்டம் பத்து மீட்டருக்குச் சற்றே கூடுதலாக உயரவிருந்ததால், கரையை ஒட்டிக் கிடந்த தண்டவாளத்தில் ஏறத்தாழ ஒன்றரை மைல் நீளம் நீருக்குள் போகும் நிலை வந்தது. அந்தப் பகுதியை மேட்டுக்கு மாற்றி, குறுகிய சுரங்கம் ஒன்றையும் வெட்டி, 1932-இல் ரயில்களைப் புதிய தடத்தில் விட்டார்கள்.

இவ்வகை ஹால்ட்டுகளில் பெரும்பாலும் நிலைய அதிகாரியோ, சிக்னலோ, பக்கத் தடமோ இருப்பதில்லை. ஒன்றிரண்டு பெட்டி நீளத்துக்கு மரப்பலகை அடித்த மேடையும், ஒரு பெயர்ப்பலகையும், சில இடங்களில் ஒரு விளக்கும் இருக்கும். அதைக் கழற்றி எடுத்துவிட்டால் அங்கே ரயில் நின்றதற்குச் சுவடே இருக்காது. நம் ஊர் ஹால்ட்டில் கமிஷனுக்கு டிக்கெட் கொடுக்க ஒருவராவது சிறு அறையில் உட்கார்ந்திருப்பார். அந்த அளவுக்கும் இங்கே வேலையில்லை.

இனி வரையறைக்கு வருகிறேன். இந்த இடத்தை வரையறுப்பது ஆளா, காலமா, களமா? ஆளைக் கொண்டு பெயரிட்டால், அதே வெஸ்ட் ஹைலண்ட் பாதையில் லோமண்ட் ஏரிக்கரையில் இருந்த இன்வெரூக்லஸ் மேடை இடிக்கிறது. ஸ்லாய் நீர்மின் திட்டத்துக்காக 1945-இல் அதைத் திறந்தார்கள். அந்தத் திட்டத்தில் தொடக்கத்தில் பாடுபட்டவர்களுள் ஜெர்மானியப் போர்க்கைதிகளும் உண்டு. கூலிக்கு வந்தவரையும் சிறைப்பட்டு வந்தவரையும் ‘தொழிலாளர்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. காலத்தைக் கொண்டு ‘பணிக்கால’ என்று தொடங்கினாலும் அதே இன்வெரூக்லஸ் தடுக்கிறது. ஸ்லாய் அணை முறைப்படி திறக்கப்பட்டது 1950 அக்டோபரில், மேடையோ அதற்கு முன்பே மூடப்பட்டுவிட்டது. இங்கிலாந்தின் டெவன் பகுதியில் உள்ள பரேட்டர் ஹால்ட்டின் கதை இதற்கு நேர்மாறானது. பிளிமத் நகரின் குடிநீருக்கான பரேட்டர் அணையை உயர்த்தும் வேலைக்காக 1924-இல் அதைத் திறந்து, மறு ஆண்டே பொதுமக்களுக்கும் விட்டார்கள். அணை வேலை 1928-இல் முடிந்த பிறகும், அது இருந்த பிரின்ஸ்டவுன் ரயில் பாதை மூடப்பட்ட 1956 வரை அங்கே ரயில் நின்றது.

மூன்று இடங்களிலும் மாறாமல் இருப்பது களம் ஒன்றுதான். வேலை நடக்கும் களம் பக்கத்தில் இருப்பதால் ரயில் அங்கே நிற்கத் தொடங்குகிறது. எனவே முன்சொல்லாக ‘பணிக்களம்’ என்பதை வைக்கலாம்.

பின்சொல்லுக்கு ‘தங்கல்’, ‘நிலை’ என்ற இரண்டையும் எண்ணிப்பார்த்தேன். தங்கல் என்றால் இராத்தங்கலின் நினைவு வருகிறது. ஒரு நிமிடம் நிற்கும் வண்டிக்கு அது மிகை. ‘நிலை’ எனக்கு மிகவும் பிடித்த சொல், தேர் நிலைக்கு வந்தது என்கிறோம் அல்லவா? ஆனால் ‘பணிநிலை’ என்பது அலுவலக வழக்கில் பதவிப் படியைக் குறிக்கும் சொல்லாக நிலைத்துவிட்டது. எஞ்சுவது ‘தரி’. ‘ஓரிடத்தில் தரிக்காமல் அலைகிறான்’ என்னும்போது இது தன்வினை. வண்டி தானே வந்து நிற்கிறது, எதையும் நிறுத்துவதில்லை. இலங்கைத் தமிழில் பஸ் தரிப்பிடம் அன்றாட வழக்கு. தமிழ்நாட்டில் ‘தரிப்பு’ என்று மட்டும் சொன்னால் கருத்தரிப்பு நினைவுக்கு வரும் என்ற தடையை நான் ஒதுக்கவில்லை. அதனால்தான் ‘இடம்’ சேர்ந்த வடிவத்தையே பரிந்துரைக்கிறேன். இலங்கையில் வாகனம் விட்டுவைக்கும் இடத்துக்கும் இதே சொல் வழங்குவது உண்மைதான், ஆனால் ரயில் பற்றிய பேச்சில் அந்தக் குழப்பம் எழாது என்றே எண்ணுகிறேன்.

ஆக, பொதுவான ஹால்ட்டுக்கு ‘ரயில் தரிப்பிடம்’ என்றும், நண்பர் கேட்டதற்குப் ‘பணிக்களத் தரிப்பிடம்’ என்றும் முன்வைக்கிறேன். “கட்டுமானக் களம் ஒன்றில் பணிபுரிவோர் ஏறி இறங்குவதற்காக, ஏற்கெனவே உள்ள பொது ரயில் பாதையில் அமைக்கப்படும், ரயில்வே பணியாளர் இல்லாத சிறு மேடை” என்று வரையறை எழுதலாம். ‘பொது ரயில் பாதையில்’ என்ற தொடரை விட்டுவிட வேண்டாம். லாகாபர் திட்டத்திலேயே பொருள்களையும் ஆட்களையும் ஏற்றிச்செல்ல மூன்றடி அகலத்தில் தனியான மலை ரயில் ஒன்று ஓடியது. அதில் வண்டி நின்ற இடங்களை இந்தச் சொல்லுக்குள் கொண்டுவரக் கூடாது. அவற்றுக்கு வேறு சொல் பார்க்க வேண்டும்.

பரேட்டர் போன்றவற்றைப் பொதுமக்களுக்குத் திறந்த நாளிலிருந்து வெறுமனே ‘தரிப்பிடம்’ என்று எழுதினால் போதும். இலங்கை நண்பர்கள், ஊரில் பெரியவர்கள் ரயில் தொடர்பாகத் ‘தரிப்பிடம்’ என்று சொல்லிக் கேட்டிருக்கிறார்களா, அல்லது அது பஸ்ஸுக்கு மட்டுமே உரியதா என்பதை எழுதினால், நண்பரின் கட்டுரை வெளிவருமுன் திருத்திக்கொள்ளலாம்.