ஸ்டெப்னி இருந்தும் நடுரோட்டில் நின்றவர்கள் யாராவது உண்டா?

செங்கல்பட்டான்:
பொங்கல் முடிந்து ஊரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். உளுந்தூர்பேட்டை தாண்டிக் கொஞ்ச தூரம்தான் வந்திருப்போம், பின்னால் இடது சக்கரம் தடதடவென்று அடித்தது. மணி இரவு பதினொன்றரை. ஸ்டெப்னிதான் இருக்கிறதே என்று ஒரு தைரியம். அது எங்கே இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், டிக்கியில் எல்லாவற்றுக்கும் அடியில். மேலே அரிசி மூட்டை, இரண்டு பூசணிக்காய், அத்தை கட்டிக் கொடுத்த வடகம், கரும்பு வேறு. எல்லாவற்றையும் இறக்கி ரோட்டோரம் அடுக்கினேன். மாமனார் டார்ச் பிடித்தார். முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டி மாட்டிவிட்டு, சட்டையெல்லாம் கரியோடு ஜாக்கியை இறக்கினேன். இறக்க இறக்க வண்டி இறங்கிக்கொண்டே இருந்தது. சக்கரம் தரையைத் தொட்ட பிறகும் நிற்கவில்லை, ரப்பர் பிதுங்கி ரிம்மே தரையில் உட்கார்ந்துவிட்டது. ஆறு வருட வண்டி, அதில் ஒருநாள்கூட நான் காற்று பார்த்ததில்லை. மாமனார் ஒன்றும் சொல்லவில்லை. டார்ச்சை அணைத்தார். அந்த டிக் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது, திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

நாகை உப்புக்காற்று:
உங்களுக்காவது கையில் கிடைத்தது. எங்களுடையது ஏழு பேர் போகிற வண்டி, ஸ்டெப்னி அடியில் சங்கிலியில் தொங்கும், பம்பர் ஓட்டை வழியாகக் கம்பியை விட்டுச் சுற்றினால் இறங்க வேண்டும். வேதாரண்யம் போகும் வழியில், உப்பளம் பக்கம், மத்தியானம் ஒரு மணி, ஒதுங்க ஒரு மரம் கிடையாது. கம்பி சுற்றுகிறது, கடக் கடக் என்று சத்தம் வருகிறது, டயர் மட்டும் இறங்கவே இல்லை. கடற்கரைக் காற்றில் உள்ளே மொத்தமும் துருப்பிடித்துப் போயிருக்கிறது. மல்லாக்கப் படுத்துக் கல்லால் தட்டினேன், துரு பொலபொலவென்று கண்ணில் கொட்டியது. கடைசியில் பம்புசெட் மெக்கானிக் ஒருவர் சைக்கிளில் வந்து ஆக்சா பிளேடு போட்டுச் சங்கிலியையே அறுத்தார். தொம்மென்று விழுந்த டயரில் காற்று கல் மாதிரி இருந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

பழைய அம்பாசிடர்:
மேலே எழுதிய இருவரும் கோபித்துக்கொள்ளக் கூடாது, இரண்டுமே நீங்களாகத் தேடிக்கொண்டது. நானும் ஒருமுறை மேலூர் பக்கம் மணலில் ஜாக்கி புதைந்து வண்டி சாய்ந்து நின்றிருக்கிறேன், அது 1991. அதோடு சரி. அன்றிலிருந்து டிக்கியில் ஒரு பலகைத் துண்டு இல்லாமல் நான் கிளம்புவதில்லை.

பெட்ரோல் பங்க்கில் காற்று பிடிக்கும்போது 'தம்பி, ஸ்டெப்னிக்கும்' என்று சொல்ல என்ன கஷ்டம்? மற்ற டயரைவிட மூன்று நான்கு பாயின்ட் கூடுதலாகவே வையுங்கள், சும்மா கிடந்தாலும் குறையும். இப்போது வருகிற ஒல்லி ஸ்டெப்னி என்றால் கணக்கே வேறு, பெரும்பாலும் 60 பிஎஸ்ஐ, அதாவது 60 பாயின்ட் காற்று கேட்கும், பங்க் பையன் பழக்கத்தில் 32 அடித்துவிட்டுப் போய்விடுவான். 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று அதிலேயே போட்டிருக்கும், அதையும் யாரும் படிப்பதில்லை. டயரின் பக்கவாட்டில் கடைசி நான்கு எண்ணைப் பாருங்கள், 2317 என்றால் 2017-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. ஓடாத டயர்தானே என்று பத்து வருடம் வைத்திருந்தால் ரப்பர் வெடித்துப் போயிருக்கும். வண்டியைத் தூக்கும் முன்பே நட்டை லேசாகத் தளர்த்த வேண்டும், தூக்கிய பிறகு திருகினால் சக்கரம்தான் சுற்றும். எதிர் மூலைச் சக்கரத்துக்குக் கல் கொடுக்க வேண்டும். முடுக்கும்போது குறுக்கும் நெடுக்குமாக முடுக்க வேண்டும், ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இன்னொரு முறை பார்க்க வேண்டும். நாகைக்காரர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்டெப்னியை இறக்கி ஏற்றிக் கொஞ்சம் கிரீஸ் வைத்திருந்தால் சங்கிலி இன்னும் இருந்திருக்கும். ஸ்டெப்னி என்ற பெயரே வேல்ஸில் லனெல்லி என்கிற ஊரில் இருக்கும் ஒரு தெருவின் பெயர், 1904 வாக்கில் அங்கேதான் இதைச் செய்து விற்க ஆரம்பித்தார்கள். பெயர் தெரிந்த அளவுக்கு அதைப் பார்த்துக்கொள்ளத் தெரிவதில்லை. பெண்கள் தனியாகப் போனால் நட்டில் கை வைக்காமல் 1033 என்ற தேசிய நெடுஞ்சாலை உதவி எண்ணுக்குப் போன் செய்வதே நல்லது.

கோவை வண்டிக்காரி:
சார், கடைசி வரியைத் தவிர மற்றதெல்லாம் சரி. பெருந்துறை பக்கத்தில் எனக்கு பஞ்சர். அதற்கு முந்தின வாரம்தான் புது டயர் மாற்றியிருந்தேன், கடையில் காற்றுத் துப்பாக்கியால் டர்ரென்று முடுக்கிவிட்டார்கள். உதவிக்கு வரிசையாக ஐந்து பேர் நின்றார்கள், ஐந்து பேரும் ஆண்கள்தான், ஒருவர் ஸ்பேனர் மேலேயே ஏறிக் குதித்தார், நட் அசையவில்லை. அப்புறம் ஒரு லாரி டிரைவர் அண்ணன் கேபினிலிருந்து இரண்டடி இரும்புக் குழாய் எடுத்து வந்து ஸ்பேனர் பிடியில் செருகிவிட்டு, 'நீங்களே அமுக்குங்க' என்றார். அமுக்கினேன். க்ரீச்சென்று ஒரு சத்தம், விட்டுக்கொடுத்துவிட்டது! மற்ற நான்கு நட்டையும் நானேதான் கழற்றினேன். அன்றைக்கே பழைய இரும்புக் கடையில் குழாய் ஒன்று வாங்கிப் போட்டேன்.

மலைப்பாதை:
இவ்வளவு பேசுகிறீர்கள், என் வண்டியில் ஸ்டெப்னியே கிடையாது. டியூப்லெஸ் டயர், காற்றழுத்தம் காட்டும் கருவி, ரிப்பேர் கிட் மூன்றும் இருந்தால் போதும் என்று 2020 அக்டோபரிலிருந்து விதியையே மாற்றிவிட்டார்கள். கிட் என்றால் ஒரு பாட்டில் திரவம், ஒரு குட்டி கம்ப்ரசர். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும்போது வளைவில் ஓரக் கல் டயரின் பக்கவாட்டில் கிழித்துவிட்டது. ஆணி ஓட்டைக்குத்தான் அந்தத் திரவம், பக்கவாட்டுக் கிழிசலுக்கு ஆகாது. அப்போது எனக்கு அது தெரியாது. கம்ப்ரசர் கத்துகிறது, உள்ளே போனதெல்லாம் கிழிசல் வழியாகப் பொங்கின பால் மாதிரி ரோட்டில் வழிகிறது, பின்சீட்டில் என் பெண் கைதட்டிச் சிரிக்கிறாள்.

பழைய அம்பாசிடர்:
கோவை அம்மா, குழாய் நல்ல யோசனைதான். கழற்ற மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதைப் போட்டு முடுக்கினால் போல்ட் போய்விடும்.

செங்கல்பட்டான்:
அன்றைக்கு எப்படித்தான் வந்து சேர்ந்தீர்கள் என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம். விடிகாலை ஐந்தரைக்கு ஒரு லாரிக்காரர் நிறுத்தி, லாரியின் ஏர் டேங்கிலிருந்தே ஓஸ் போட்டுக் காற்றடித்துக் கொடுத்தார். காசு வேண்டாம் என்றுவிட்டு இரண்டு கரும்பை மட்டும் எடுத்துக்கொண்டார். போன வாரம் மாமனார் வீட்டுக்கு வந்தார். காபி குடித்துவிட்டு நேராகப் போய் டிக்கியைத் திறந்து, விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை.