மறு: மழைநீர்ப் பசுமைக் கட்டமைப்பு – ‘வடிகால்’ என்ற சொல் இங்கே பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம். மழைநீரை மெதுவாக்கி மண்ணுக்குள் இறக்கும் அமைப்புகளின் ஆங்கிலப் பெயர்களுக்கு இங்கே முன்மொழிந்த தமிழ்ச் சொற்களைப் பற்றிய என் கருத்து இது.

‘பசுமை உள்கட்டமைப்பு’ (கிரீன் இன்ஃப்ராஸ்ட்ரக்சர்) என்ற சொல் பரவிவிட்டது, அதை மாற்றத் தேவையில்லை. ஆனால் சூரிய மின்னாற்றல், மின்வண்டி என்று எல்லாவற்றுக்கும் அதையே சொல்கிறோம். மழைநீரைப் பற்றி மட்டும் பேசும்போது ‘மழைநீர்ப் பசுமைக் கட்டமைப்பு’ என்றால் குழப்பம் இராது. செடி வளர்க்கும் கூரையைக் குறிக்கும் ‘பசுமைக் கூரை’யிலும் யாருக்கும் மறுப்பு இல்லை.

> பயோஸ்வேல் = பசுமை வடிகால், தாவர வடிகால்

இதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. நீரைச் சீக்கிரம் வெளியேற்றுவதுதான் வடிகாலின் வேலை. நாம் பெயர் தேடுவதோ அதற்கு நேர்மாறான ஒன்றுக்கு. சாலையோரத்தில் சரிவு குறைவாக, ஆழம் இல்லாமல் அகலமாகத் தோண்டிப் புல்லும் செடியும் வளர்த்த வாய்க்கால் அது. ஓடிவரும் நீரைத் தடுத்து மெதுவாக்கி, வண்டலைப் படியவைத்து, முடிந்த அளவு மண்ணுக்குள் இறக்குகிறது. 100 சதுர மீட்டர் தார்த்தளத்தில் 20 மி.மீ. மழை பெய்தால் 2,000 லிட்டர். அதில் பெரும்பகுதி சில நிமிடங்களில் தாழ்வான தெருமுனைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அந்த அவசரத்தைக் குறைப்பதுதான் இந்த வாய்க்காலின் வேலை.

பெயர் தவறினால் பராமரிப்பும் தவறும். ‘வடிகால்’ என்று எழுதியிருந்தால், தூர்வார வருபவர் செடியைப் பிடுங்கி எறிவார். அடுத்த ஆண்டு யாராவது சிமெண்டும் பூசிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, பெயர் அப்படித்தானே சொல்கிறது!

என் பரிந்துரை: ஊறல் வாய்க்கால். ‘ஊறுகால்’ என்று சுருக்கலாம்தான், ஆனால் ‘ஊறு’ என்றால் தீங்கு என்றும் பொருள் உண்டு. வேண்டாம். களிமண் நிலத்தில் நீர் கீழே இறங்காதே, அடியில் துளைக்குழாய் போட்டு வெளியே எடுக்கிறார்களே, அது வடிகால்தானே என்று கேட்கலாம். அங்கேயும் நீர் மண் அடுக்குகளில் ஊறித்தான் குழாயை அடைகிறது. ஆகவே சொல் நிற்கும்.

> ரெயின் கார்டன் = மழைக்குட்டை

ஓடிவரும் மழைநீர் சேர்ந்து மண்ணுக்குள் இறங்கும்படி செடி நட்ட பள்ளம் இது. குட்டை என்றாலே தேங்கிய நீரும் கொசுவும்தான் நினைவுக்கு வரும். சரியாக அமைத்தால் இதில் நீர் ஓரிரு நாளில் வற்றிவிடும். கொசுப்புழு வளர்ந்து பறக்க அந்த நேரம் போதாது. ‘மழைத்தோட்டம்’ போதும். ஆனால் விளக்கத்தில் ‘சுற்றுத் தரையைவிடத் தாழ்ந்தது’ என்று கட்டாயம் சேர்க்க வேண்டும். தோட்டம் என்றதும் மண்ணை மேடாக்கிவிடுவார்கள், அப்புறம் நீர் எப்படி உள்ளே வரும்?

பெர்மியபிள் பேவ்மெண்ட் என்பதற்கு ‘ஒழுகுதளம்’ என்று வந்திருந்தது. ஒழுகுவது குறைபாடு, இங்கே நீர் உள்ளே போவதுதான் நோக்கம். ‘நீர்புகு தளம்’ என்று வைக்கலாம்.

நகரமே மழைநீரை உறிஞ்சிக்கொள்ளும்படி அமைக்கும் சீனர்களின் திட்டமான ஸ்பாஞ்ச் சிட்டிக்குப் ‘பஞ்சு நகரம்’ என்றால் பருத்திதான் முதலில் நினைவுக்கு வருகிறது. ‘உறிஞ்சு நகரம்’ எனக்குப் பிடித்திருக்கிறது. அதோடு வந்த ‘வெள்ளத்தடுப்பு நகரம்’ கூடவே கூடாது. இந்த அமைப்புகள் அடிக்கடி பெய்யும் சிறு, நடுத்தர மழைக்கானவை. அத்திட்டத்தை மேற்கொண்டிருந்த சீன நகரமான ஜெங்ஜோவில் 2021 ஜூலை 20 அன்று ஒரே மணி நேரத்தில் 201.9 மி.மீ. மழை கொட்டி, சுரங்க ரயிலுக்குள் வெள்ளம் புகுந்து உயிர்கள் போயின. அந்த அளவு மழைக்குக் குழாய்களும் வெள்ளம் பரவ ஒதுக்கிய நிலமும் சேர்ந்தே வேண்டும். செய்ய முடியாததைப் பெயரில் வாக்குறுதியாக எழுதக்கூடாது.

இன்னும் ஒன்று பாக்கி. சாலை நீர் ஊறல் வாய்க்காலுக்குள் நுழைய ஓரக்கல்லில் இடைவெளி விடுகிறார்கள் அல்லவா, அதற்கு ‘ஓரக்கல் திறப்பு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். சாலைப் பணியில் இருப்பவர்கள் வேறு சொல் புழங்கினால் சொல்லுங்கள், அதையே எடுத்துக்கொள்வோம்.