டிசைன் வேலைக்கு லேப்டாப்: கார்டா, சர்வீஸா? அவசரம்

கோடும்வண்ணமும்
வணக்கம். இந்த வாரமே வாங்கியாக வேண்டும். இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்றில் ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு, ஒரு வருட வாரண்டி. இன்னொன்றில் தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது, ஆனால் 3 வருடம் ஆன்சைட் சர்வீஸ், அதாவது நம் இடத்துக்கே வந்து பழுது பார்ப்பார்கள். பழைய லேப்டாப் கீல் விட்டுப்போய் சர்வீஸ் சென்டரில் 23 நாள் கிடந்தது. கையில் இருந்த ஒரு வேலையும் போய்விட்டது. எதை எடுக்கலாம்?

திருப்புளி
டிசைன் என்றால் என்ன டிசைன்? லோகோவா, வீடியோவா, 3டியா? ராம் எவ்வளவு?

இரவுரெண்டர்
யோசிக்கவே வேண்டாம், 4060. பிளெண்டர் 3டி மென்பொருளில் சைக்கிள்ஸ் ரெண்டர் ஓட்டிப் பாருங்கள், கார்டு இல்லாவிட்டால் விடிய விடிய காத்திருக்க வேண்டும்.

திருப்புளி
அவர் பிளெண்டர் என்று எங்கே சொன்னார்?

பழையபிக்சல்
இதே கேள்விக்குப் பத்து முறையாவது பதில் எழுதியிருப்பேன். தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கப் பழகுங்கள் தம்பி. கார்டு, வாரண்டி எல்லாம் எழுதினீர்கள், திரையைப் பற்றி ஒரு வரி உண்டா? திரை காட்டும் வண்ணங்களின் அளவு 45% என்டிஎஸ்சி என்று போட்டிருந்தால் தொடவே தொடாதீர்கள். திரைகளுக்குப் பொது அளவுகோலான எஸ்ஆர்ஜிபி வண்ணங்களில் மூன்றில் இரண்டு பங்குகூடத் தேறாது. ஆரஞ்சு மங்கலாகத் தெரிகிறதே என்று நீங்கள் ஏற்றி வைப்பீர்கள், வாடிக்கையாளரின் நல்ல திரையில் அது கண்ணைக் குத்தும்.

பழுதுமேசை
சர்வீஸ் வேலையில் இருப்பவன் சொல்கிறேன். ஆன்சைட் என்ற ஒரு சொல்லை நம்பி வாங்காதீர்கள். உங்கள் இடத்துக்கு ஆள் வருவாரா என்று வாங்கும் முன்பே போன் போட்டுக் கேளுங்கள். ஆள் வந்துவிடுவார், பாகம் வர வேண்டுமே! உங்கள் 23 நாளும் கீலுக்காகக் காத்திருந்ததாகத்தான் இருக்கும். கீழே விழுந்தது, தண்ணீர் கொட்டியது எல்லாம் சாதாரண வாரண்டியில் சேராது, அதற்குத் தனித் திட்டம் எடுக்க வேண்டும். 3 வருட வாரண்டியிலும் பேட்டரிக்கு ஒரு வருடம் மட்டும் தரும் நிறுவனங்கள் உண்டு. அப்புறம், வாங்கியதும் சீரியல் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டு வாரண்டி எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று பாருங்கள். பில் தேதிக்கு முன்பே தொடங்கியிருந்தால், பில்லை அனுப்பித் திருத்தச் சொல்லுங்கள்.

இரவுரெண்டர்
எதற்கு இவ்வளவு தலைவலி, மேக் எடுத்துவிடலாமே.

திருப்புளி
அதில் ராமைப் பின்னால் கூட்ட முடியாது. இன்று 8 ஜிபி என்றால் கடைசி வரை 8 ஜிபிதான்.

இரவுரெண்டர்
விண்டோஸ் லேப்டாப்பில் மட்டும் என்ன வாழ்கிறது? எல்பிடிடிஆர் என்ற வகை ராம் போர்டோடு பற்றவைத்துத்தான் வருகிறது.

திருப்புளி
எல்லா மாடலிலும் இல்லை. ஸ்லாட் இருப்பதாகப் பார்த்து வாங்கலாம்.

பழையபிக்சல்
கேட்டவரைக் காணோம், நீங்கள் இருவரும் சண்டை போடுகிறீர்கள்.

கோடும்வண்ணமும்
மன்னிக்கவும், சொல்ல மறந்துவிட்டேன். இல்லஸ்ட்ரேட்டர், போட்டோஷாப், இன்டிசைன் மட்டும்தான். இரண்டிலும் 16 ஜிபி. 4060 உள்ளதில் 45% என்டிஎஸ்சி என்றே போட்டிருக்கிறது, மற்றதில் 100% எஸ்ஆர்ஜிபி. போன் செய்தேன், ஆள் வருவாராம். அதையே எடுத்துவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

பழுதுமேசை
சரி. பேட்டரிக்கு எத்தனை வருடம் என்று கேட்டீர்களா?