அவையில் ஆதரவு, ஊரில் எதிர்ப்பு: எங்கள் மக்களவை உறுப்பினரிடம் எப்படிக் கணக்குக் கேட்பது?

கேள்வி:
2020 செப்டம்பரில் வேளாண் மசோதாக்கள் வந்தபோது அவற்றை ஆதரித்து அவையில் பேசிய எங்கள் தொகுதி உறுப்பினர், அடுத்த ஆண்டு அந்தச் சட்டங்கள் திரும்பப் பெறப்பட்டதும், தாம் தொடக்கம் முதலே எதிர்த்ததாக ஊர்க்கூட்டங்களில் முழங்குகிறார். கடிதம் எழுதினேன், பொங்கல் வாழ்த்து அட்டைதான் பதிலாக வந்தது. அவர் எப்படி வாக்களித்தார் என்பதையாவது அறிய வழி உண்டா?

பதில் 1:
வாக்கை அறிய முடியாது. அம்மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியதால், யார் எப்பக்கம் நின்றார் என்ற பதிவே இல்லை. ஆனால் பேச்சு தப்பாது: நாடாளுமன்ற இணையதளத்தில் அவை நடவடிக்கைகள் தேதி வாரியாக உள்ளன. அந்தப் பக்கத்தை அச்செடுத்து அடுத்த கூட்டத்தில் நீட்டுங்கள்.

பதில் 2:
அவர்மீது மட்டும் பழிபோடுவது முழு நியாயமன்று. 1985-இல் அரசமைப்பில் சேர்க்கப்பட்ட பத்தாவது அட்டவணையின்படி, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால், கட்சி 15 நாட்களுக்குள் பொறுத்துக்கொண்டாலன்றி, பதவியே பறிபோகலாம்.

பதில் 3:
கொறடா வாக்கைத்தான் கட்டுப்படுத்துகிறார். நடந்ததை ஊரில் மாற்றிச் சொல்லும்படி எந்த அட்டவணையும் கட்டாயப்படுத்தவில்லையே! கட்சிக் கட்டுப்பாட்டால் ஆதரித்தேன் என்று அவர் ஒப்புக்கொண்டிருந்தால், ஐயா இந்தக் கேள்வியையே எழுப்பியிருக்க மாட்டார்.

கேள்வி கேட்டவர்:
உண்மைதான். நாடாளுமன்ற உறுப்பினரைத் திரும்ப அழைக்கும் உரிமை நமக்கு இல்லாத நிலையில், அவருடைய உரையை அச்செடுத்து, விவசாயிகள் சங்கத்தின் பெயரில் விளக்கம் கேட்கப் போகிறோம்.